சிம்லாவின் பனிக்கட்டித் தரை

உதகமண்டலமும் சிம்லாவும் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில், சுமார் 2,200 மீட்டரில், அமைந்த மலை நகரங்கள். ஆயினும் உதகையில் நீங்கள் காண்பது இரவில் புல்லின்மீது படியும் உறைபனிதான். சிம்லாவிலோ வானிலிருந்தே வெண்பனி பொழிகிறது. ஏன் இந்த வேறுபாடு?

நிலநடுக்கோட்டிலிருந்து உதகை 11 பாகை வடக்கே உள்ளது. சிம்லா 31 பாகை வடக்கே. ஆகவே குளிர்காலச் சூரியன் சிம்லாவில் தாழ்ந்தே செல்கிறது; பகலும் குறுகிவிடுகிறது. அத்துடன், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மேற்குக் காற்றோடு வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் தாம் கொணரும் ஈரத்தை இமயமலைமீது பனியாகக் கொட்டுகின்றன.

1864-இல் ஆங்கில அரசு சிம்லாவைக் கோடைகாலத் தலைநகராக்கியது. குளிர் தொடங்கியதும் அலுவலகங்கள் சமவெளிக்கு இறங்கிவிடும், நகரம் வெறிச்சோடும். அந்தக் குளிர்காலத்திற்கு 1920-இல் ஒரு புது விளையாட்டு வந்து சேர்ந்தது. பிளெஸ்ஸிங்டன் என்பவர் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தில் நீரைப் பரப்பி உறையவிட்டு, சறுக்கி விளையாடும் பனிக்கட்டித் தரையாக மாற்றினார்.

இதற்குக் குளிரூட்டும் எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் விந்தை! மாலையில் தரையின்மேல் மெல்லிய படலமாக நீரைத் தெளிப்பார்கள். மேகமற்ற இரவில் அந்நீர் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானை நோக்கி இழந்து உறையும். அதன்மேல் மீண்டும் நீர். மீண்டும் ஒரு படலம். இப்படியே தரை தடிப்பாகும். காற்று வறண்டு அசையாமல் இருந்தால், அதன் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும்போதுகூட நீர் உறையக்கூடும். இது நம் நாட்டிற்குப் புதியதன்று. அலகாபாத்தில் ஆழமற்ற மண்தட்டுகளில் நீர் ஊற்றி, திறந்த வெளியில் இரவில் வைத்துப் பனிக்கட்டி எடுத்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775-இலேயே விவரித்திருக்கிறார்.

மேகம் வந்தால் என்ன ஆகும்? போர்வை போர்த்தியதுபோல வெப்பம் தங்கிவிடும், நீர் உறையாது. வெண்பனி பொழிந்தாலும் தொல்லைதான். அதை வாரிக் கொட்டிய பிறகே சறுக்க முடியும். பனிச்சறுக்குக்குப் பனிப்பொழிவே இடையூறு என்றால் வியப்பாக இல்லையா?

சிம்லாவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், இன்னும் உயரத்தில், குஃப்ரி இருக்கிறது. அங்கே நிலைமை நேர்மாறு. காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டுக்கு ஆழமான வெண்பனி வேண்டும். ஒரு காலத்தில் குஃப்ரி அதற்குப் பெயர் பெற்றிருந்தது.

குஃப்ரியின் இமாலய இயற்கைப் பூங்காவில் மோனால் பறவையையும் கருங்கரடியையும் காணலாம். பல நிறங்களில் மின்னும் மோனால், தன் வலிய அலகால் பனியைக் கிளறிக் கிழங்குகளையும் புழுக்களையும் தேடித் தின்னும். காட்டில் பனி ஆழமானால் அது கீழ்ச்சரிவுகளுக்கு இறங்கும். கோடையில் மீண்டும் மேலேறும். இரை அருகிவிடும் குளிர்காலத்தில் கருங்கரடிகள் பல, குகையிலோ மரப்பொந்திலோ முடங்கி உறங்கும். குளிர் எப்போது வருகிறது, எவ்வளவு நாள் தங்குகிறது என்பதே இவற்றின் நாட்காட்டி.

அந்த நாட்காட்டி இப்போது கலைகிறது. இமயத்தின் குளிர்காலம் வெப்பமடைந்து வருகிறது. சிம்லாவின் சறுக்குத் தரையில் விளையாடக் கிடைக்கும் நாட்கள் முன்னாளைவிடக் குறைந்துவிட்டன. குஃப்ரியிலும் வெண்பனி முன்போல நிலைத்துத் தங்குவதில்லை. நம் உடலால் உணர முடியாத ஓரிரு டிகிரி, உறைநிலையின் விளிம்பில் நிற்கும் ஊருக்கு நீருக்கும் பனிக்கட்டிக்கும் உள்ள இடைவெளியாகிறது. சறுக்கு விளையாட்டுக்காரர் குளிரூட்டும் எந்திரத்தை நாடலாம். மோனாலுக்கு அந்த வழி இல்லை. குளிரைத் தேடி அது மலைமீது ஏறத்தான் வேண்டும். மலைக்கும் ஓர் உச்சி உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.