அடுக்குகள் பேசிக்கொண்ட கதை

எங்கள் பாளையம்பட்டியிலிருந்து நடந்தே சென்று சேரக்கூடிய அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில், சாயம் தோய்ப்பவர் ஒருவர், பாவு ஓட்டிக் கஞ்சி போடுபவர் ஒருவர், அச்சுப் பிணைப்பவர் ஒருவர், தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம். நெய்பவருக்குச் சாயத்தின் சூட்சுமம் தெரியவேண்டியதில்லை. சாயக்காரருக்குத் தறியின் நுட்பம் தெரியவேண்டியதில்லை. ஆயினும், ஆடி மாதத்து மேல்காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இந்த வறண்ட பூமியில் வீசும்போது இழை அடிக்கடி அறுபடத் தொடங்கினால், கஞ்சியின் பதத்தை மாற்றும்படி பாவுக்காரருக்குச் சொல்லியனுப்பாமல் நெய்பவரால் இருக்க முடியாது. கம்பியில்லாத் தகவல் தொடர்பில் 'அடுக்குகளுக்கிடையிலான வடிவமைப்பு' என்னும் சாஸ்திரம் பிறந்ததும் இத்தகைய சொல்லியனுப்புதலின் அவசியத்தால்தான்.

கணினிகளுக்கிடையே செய்தி செல்லும் காரியத்தை ஏழு அடுக்குகளாகப் பகுத்து, சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் 1984-ஆம் ஆண்டு ஒரு மாதிரியை வெளியிட்டது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்கிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, அது எவ்வாறு நிறைவேறுகிறது என்று விசாரியாமலிருப்பதே அதன் விதி. செப்புக் கம்பியின் இடத்தில் கண்ணாடி இழை வந்தபோது மேலடுக்குகளைக் கலைத்து எழுதவேண்டிய நிலை ஏற்படாததற்கு அந்த விதியே காரணமாதலால், அதன் உபகாரத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் ஆகாயம் கம்பியன்று. 1988-இல் வான் ஜேக்கப்சன் வகுத்த முறைப்படி, செய்தியைத் துண்டாக்கி அனுப்பிய பொட்டலம் ஒன்று போய்ச் சேரவில்லையென்றால், வழியில் நெரிசல் நேர்ந்துவிட்டது என்று கொண்டு, பொட்டலங்களை முனைக்கு முனை சேர்ப்பிக்கும் போக்குவரத்து அடுக்கு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பியில் இது நியாயமான அனுமானம். காற்றிலோ, குறுக்கிட்ட அலையாலும் மங்கிய சமிக்ஞையாலும் பொட்டலம் அழிகையில், உடனே மறுபடி அனுப்பவேண்டியிருக்க, மேலடுக்கு காரணம் தெரியாமல் வீணே தயங்கி நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-இல் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன், பெர்க்லி சர்வகலாசாலையில் தம் சகாக்களுடன் 1995-இல் வெளியிட்ட 'ஸ்னூப்' முறையில், இடையிலுள்ள கம்பியில்லாத் தள நிலையமே பொட்டலங்களின் பிரதியை வைத்திருந்து, இழந்ததைத் தானே திரும்ப அனுப்பி, அந்தச் சிறு விபத்தின் சேதி அனுப்பியவரை எட்டாதபடி தடுத்தது. கீழே நிற்பவன் மேலேயுள்ளவனின் முகவரித்தாளைப் படித்துப் பார்த்தது விதிக்குப் புறம்பே, பலனோ பெரிது.

தென்பாண்டிச் சீமை இந்தச் சரித்திரத்தில் வெறும் பார்வையாளனாக நின்றுவிடவில்லை. அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோரின் முயற்சியால் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொலைபேசியைக் கொண்டு, 2001-இல் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணையக் கூடங்கள் திறக்கப்பட்டன. அதனினும் விசேஷமானது தேனியில் நடந்தது. கரிசல் பூமியின் அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலுள்ள வைத்தியர் படக்காட்சி மூலமாகவே சிற்றூர் நோயாளியைப் பார்வையிடும் ஏற்பாட்டைச் செய்தபோது, அதற்கு வேண்டிய பாதையை, மலிவான வை-ஃபை கருவிகளையும் உயர்ந்த கம்பங்களையும் கொண்டு, பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் அமைத்துக் கொடுத்தார்கள்.

வை-ஃபையோ ஒரு வீட்டுக்குள்ளே பேசப் பிறந்த உபகரணம். வானொலி அலை ஒரு மைக்ரோ விநாடியில் சுமார் 300 மீட்டர் செல்லும். பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழித் திக்கில் 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். வை-ஃபையின் 802.11பி விதியோ காலத்தை 20 மைக்ரோ விநாடித் துண்டுகளாக அளந்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற ஒப்புகையைக் கணமும் தாமதியாது எதிர்பார்க்கிறது. ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே அது வராதென்று தீர்மானித்து, அனுப்பியதையே மீண்டும் அனுப்புகிறது. பிறர் பேசுகிறார்களா என்று செவிமடுத்த பின்பே பேசும் அதன் மரியாதையும், எட்டத்திலிருப்பவரின் குரல் தாமதித்தே வந்து சேருவதால் பயனற்றுப் போகிறது.

அப்போது கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும், செவிமடுப்பதை விடுத்து முறைவைத்துப் பேசும் வழியை 2005-இல் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து பெர்க்லி குழு 2007-இல் வெளியிட்ட 'வைல்ட்நெட்' முறை, பல பொட்டலங்களுக்கு மொத்தமாக ஒரே ஒப்புகை போதுமென்று வகுத்து, உபரிப் பொட்டலங்களைச் சேர்த்தனுப்பி இழப்பை மறுமுனையிலேயே மீட்டு, வேகத்தை 2 முதல் 5 மடங்குவரை உயர்த்தியது. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் பொட்டலத்தைச் சேர்ப்பதும், தூரத்தையும் இரைச்சலையும் அறிந்ததுமான இணைப்பு அடுக்கு, தனக்கு மேலுள்ள போக்குவரத்து அடுக்கின் சுபாவத்தையும் அறிந்து நடந்துகொண்டது. மேலடுக்கில் மாற்றம் ஏதும் வேண்டியிருக்கவில்லை. இவ்வளவும் செய்த பின்பும் அவர்களை அதிகம் வாட்டியது சீரற்ற மின்சாரமே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

'ஸ்னூப்' போன்ற முந்தைய வெற்றிகளால் உற்சாகம் பெருகி, பலரும் எல்லா அடுக்குகளையும் ஒன்றாய்க் கலக்க முற்பட்ட அந்நாளில், சென்னை ஐ.ஐ.டி.யிலேயே பயின்ற பி. ஆர். குமார், விகாஸ் கவாடியாவுடன் சேர்ந்து 2005-இல் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். அடுக்குகளைக் கண்டபடி பிணைத்தால், ஒன்றைத் திருத்துவது எதிர்பாராத மற்றொன்றைக் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். என் அபிப்பிராயமும் அதுவே. பாவுக்காரருக்குச் சொல்லியனுப்புவது வேறு. நெய்பவரே எழுந்துபோய்க் கஞ்சிப் பானையில் கைவிடுவது வேறு. தேனியில் நடந்தது முன்னதாகையால்தான் அது நிலைத்தது.

அத்தகைய சொல்லியனுப்புதல் இன்று அன்றாடக் காரியம். எங்களூர்க் கண்மாய்க்கரையில் நின்று ஒருவர் கைபேசியில் இணையத்தைத் திறக்கும்போது, அக்கருவி தன்னிடம் வந்துசேரும் அலையின் தரத்தை அளந்து கோபுரத்துக்குச் சொல்லியனுப்ப, கோபுரம், 4ஜி விதிப்படி 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை, யாருக்கு எந்த அலைத்துண்டை எவ்வளவு வேகத்தில் அளிப்பதென்று நிர்ணயிக்கிறது. அவர் நாலடி நகர்ந்து சீமைக்கருவேல மரத்தின் மறைவுக்குப் போனால், அந்தச் சேதியும் உடனே கோபுரத்துக்குப் போய்விடுகிறது.