அலுவலக மின்னணுக் கருவிகளும் சுங்கத் தீர்வை வகைப்பாடும்

நகலெடுக்கும் இயந்திரம், அச்சுப்பொறி, தொலைநகல் கருவி, கணினி ஆகியவை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வரும்போது, அவற்றின் மதிப்பின்மேல் எத்தனை விழுக்காடு தீர்வை கட்ட வேண்டும் என்பதை அவற்றுக்கு இடப்படும் எட்டிலக்கக் குறியீடே தீர்மானிக்கிறது. இக்குறியீட்டைத் தேர்ந்தெடுப்பதே சுங்கத் தீர்வை வகைப்பாடு ஆகும். ஒரே இயந்திரம் பல வேலைகளைச் செய்யத் தொடங்கிய பிறகு, இவ்வகைப்பாடு உச்ச நீதிமன்றம் வரையிலும் உலக வர்த்தக அமைப்பு வரையிலும் சென்ற வழக்குகளுக்குக் காரணமாயிற்று.

திருப்போரூர் வட்டாரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. திருப்போரூருக்கு வடக்கே பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும், செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் அமைந்துள்ளன. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டப்படி, அங்குள்ள நிறுவனங்கள் தம் பணிக்கான கருவிகளைத் தீர்வையின்றித் தருவிக்கலாம். ஆனால் அதே கருவி பழசாகி மண்டலத்தின் வாயிலைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைப் போலவே அதற்கும் தீர்வை கட்ட வேண்டும்.

பழைய கருவிக்குத் தேய்மானம் கழிக்கப்படும். 2006ஆம் ஆண்டு விதிகளில் கணினிக்கும் கணினித் துணைக் கருவிகளுக்கும் முதல் ஆண்டில் காலாண்டுக்கு 10 விழுக்காடு கழிவு உண்டு. மற்ற மூலதனப் பொருட்களுக்கு அது 4 விழுக்காடுதான். ஆகவே, ஓர் இயந்திரம் கணினியின் துணைக் கருவியா, தனி இயந்திரமா என்ற கேள்வி, கட்ட வேண்டிய தொகையையே மாற்றிவிடும்.

குறியீட்டின் வரலாறு

சுங்கம் தமிழருக்குப் புதிதன்று. திருக்குறள் அதனை உல்கு என்று குறிப்பிடுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயரும் உண்டு. ஆயினும், உலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியல் என்பது அண்மைக் காலத்தது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டம் பிரசல்ஸ் பெயரிடல் முறையைப் பின்பற்றியது. 1986இல் அது இணக்கமுறைப் பட்டியலுக்கு மாறியது. உலக அளவில் அம்முறை நடைமுறைக்கு வந்தது 1988 சனவரி 1 அன்று. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அடுத்த இரண்டை இந்தியா தானே சேர்த்துக்கொண்டது.

இப்பட்டியலில் 84ஆம் அத்தியாயம் இயந்திரங்களுக்கும், 85ஆம் அத்தியாயம் மின்கருவிகளுக்கும் உரியது. கணினியும் அதன் உறுப்புகளும் 8471, கணிப்பான் 8470. 2007க்கு முன் தொலைநகல் கருவி 8517இலும் நகலெடுக்கும் இயந்திரம் 9009இலும் இருந்தன. தட்டச்சுப் பொறிக்கு 8469 என்று தனி எண்ணே இருந்தது. 2017 திருத்தத்தில் அந்த எண் நீக்கப்பட்டு, தட்டச்சுப் பொறி 8472இல் சேர்க்கப்பட்டது. ஊர்தோறும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது சற்று வருத்தம் தரக்கூடிய செய்தி.

எந்த எண் என்பது பெரிய பொருட்டாக மாறியது 1996க்குப் பிறகே. அவ்வாண்டு திசம்பரில் சிங்கப்பூரில் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 1997இல் இந்தியாவும் சேர்ந்தது. பட்டியலிட்ட பொருட்களுக்குத் தீர்வையைப் படிப்படியாகச் சுழியாக்க வேண்டும் என்பதே உடன்பாடு. கணினியும் அச்சுப்பொறியும் அப்பட்டியலில் இருந்தன. நகலெடுக்கும் இயந்திரங்களிலோ சில வகைகளுக்கு மட்டுமே இடம் கிடைத்தது.

பல்பணி இயந்திர வழக்குகள்

அச்சிடவும் நகலெடுக்கவும் தொலைநகல் அனுப்பவும் கூடிய இயந்திரத்தை எங்கே வைப்பது? ஜெராக்ஸ் இந்தியா நிறுவனம் தருவித்த இரண்டு வகை இயந்திரங்களை, வேறெங்கும் குறிப்பிடப்படாத இயந்திரங்களுக்கான 8479இல் சுங்கத் துறை சேர்த்தது. அவை கணினியோடு இணைந்து இயங்குபவை, ஆகவே 8471இல் வர வேண்டும் என்றது நிறுவனம். பட்டியலின் பதினாறாம் பிரிவுக் குறிப்பு, பல வேலை செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மைப் பணியைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும் என்கிறது. உறுப்புகளிலும் உற்பத்திச் செலவிலும் பெரும்பகுதி அச்சிடும் பணிக்கு உரியது என்பதை ஏற்று, 2010இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எஞ்சியவற்றுக்கான எண்ணை நாடுமுன், பொருந்தும் எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறையும்கூட.

ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய இயந்திரங்களில் சிலவற்றை நகலெடுப்பிகள் எனக் கொண்டு 6 விழுக்காடு தீர்வை விதித்தது. அமெரிக்கா, ஜப்பான், தைவான் ஆகியவை உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 2010இல் நடுவர் குழு ஒன்றியத்துக்கு எதிராக முடிவு கூறியது.

இதற்குள் பட்டியலே மாறிவிட்டிருந்தது. 2007 திருத்தம் 9009ஐ நீக்கி, அச்சு, நகல், தொலைநகல் மூன்றையும் 8443இன்கீழ் கொண்டுவந்தது. இவற்றில் இரண்டு வேலைகளையேனும் செய்து, கணினியுடனோ வலையமைப்புடனோ இணையக்கூடிய இயந்திரம் 8443 31. ஒரு வேலை மட்டும் செய்து அவ்வாறு இணையக்கூடியது 8443 32. திருத்தம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்தே பழைய எண்கள் பற்றிய ஜெராக்ஸ் வழக்கு முடிந்தது.

பழைய இயந்திரங்களின் சிக்கல் வேறு. சார்பதிவாளர் அலுவலகம் போன்ற இடங்களின் அருகே "ஜெராக்ஸ் கடை" நடத்தும் சிறு வணிகருக்குப் புது இயந்திரத்தின் விலை எட்டாது. வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த இயந்திரமே கைகொடுக்கும். இதில் குறியீட்டைவிட இறக்குமதி அனுமதியே முதல் கேள்வி. 2005 அக்டோபர் 19 முதல் பழைய நகலெடுப்பிகளைத் தருவிக்க உரிமம் தேவை என்றானது. அந்நாளுக்கு முன் அவை தடையின்றி வரலாம் என்று, கொச்சி சுங்கத் துறை தொடர்பான அதுல் கமாடிட்டீஸ் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அனுமதியின்றி வந்த பழைய பல்பணி இயந்திரங்கள் கட்டுப்படுத்தப்பட்டவையே தவிர தடை செய்யப்பட்டவை அல்ல, மீட்பு அபராதம் பெற்று விடுவிக்கலாம் என்று 2019இல் அதுல் ஆட்டோமேஷன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2007 திருத்தத்தின் வாதம் பின்னர் கைப்பேசியிலும் எழுந்தது. புதிய குறியீடுகளுக்குத் தன் வாக்குறுதியை மாற்றி எழுதியபோது பிழை நேர்ந்தது என்ற இந்தியாவின் வாதத்தை 2023 ஏப்ரலில் நடுவர் குழுக்கள் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் ஆகியவை தொடுத்த வழக்குகளில் இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் உறுப்பினர் நியமனம் நின்றுபோனதால், மேல்முறையீட்டு அமைப்பு 2019 திசம்பர் முதலே புதிய வழக்குகளை விசாரிக்க இயலாத நிலையில் இருந்தது.