அக்கானி

அக்கானி என்பது பனை மரத்தின் பாளையைச் சீவுவதால் ஊறி வடியும் இனிப்பான, புளிக்காத சாறு ஆகும். பொதுத் தமிழில் பதநீர் என்றும் பதனீர் என்றும் வழங்கும் இப்பானத்திற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கும் பெயரே அக்கானி. இதே சாறு சுண்ணாம்பு இடப்படாமல் புளித்தால் கள் ஆகிறது. காய்ச்சினால் கருப்பட்டி ஆகிறது.

நிலமும் பனையும்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்தது. நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டாரங்கள் நெல் வயல்களுக்குப் பெயர் பெற்றவை. பனை பெரும்பாலும் வயலுக்கு அப்பால் உள்ள மேட்டு நிலங்களிலும், கடலோர மணற்பாங்கு நிலங்களிலும், மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் விளைகளிலும் வளர்ந்தது. விளை என்பது இங்கு மேட்டுத் தோட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். மாவட்டத்தின் பல ஊர்ப்பெயர்கள் இச்சொல்லில் முடிகின்றன.

இறக்கும் முறை

பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை. ஆண் பனை அலகுப்பனை எனவும் பெண் பனை பருவப்பனை எனவும் அழைக்கப்படும். இரண்டின் பாளைகளிலிருந்தும் அக்கானி இறக்கலாம். பாளை மரக்கடிப்பால் இதமாக நசுக்கப்பட்டு, நுனி சீவப்பட்டு, அதன் கீழ் மண் கலயம் கட்டப்படும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படும். பாளை ஊறிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அதன் முகத்தை நாள்தோறும் மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முகம் காய்ந்து ஊறல் குறையும். எனவே பருவ காலத்தில் பனையேறிக்கு விடுமுறை நாள் என்று ஒன்று இல்லை.

பனையேறியின் கருவிகள் பின்வருமாறு:

* தளைநார் - ஏறும்போது கால்களைப் பிணைக்கும் நார் வளையம்
* முருக்குத்தடி - மரத்தில் சாய்த்து ஏறத் தொடங்க உதவும் தடி
* அரிவாள்பெட்டி - இடுப்பில் கட்டும் பெட்டி
* பாளை அரிவாள், கடிப்பு, சுண்ணாம்புப் பெட்டி, சாறு சேகரிக்கும் குடுவை

கள்ளாக மாறுதல்

அக்கானியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை உள்ளது. இதில் பெரும்பகுதி சுக்ரோசு. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் உள்ள நொதியங்களும் பாக்டீரியாக்களும் சாறு வடியத் தொடங்கியதும் இச்சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் அமிலங்களாகவும் மாற்றத் தொடங்குகின்றன. சுண்ணாம்பு சாற்றின் காரத்தன்மையை உயர்த்தி இந்நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளிக்கும். கூடினால் சுவை கெடும். இந்த அளவு கைப்பழக்கத்தால் அறியப்படுவது.

திராட்சை மது புளித்து முதிர வாரங்களும் ஆண்டுகளும் ஆகும். பனங்கள் சில மணி நேரத்தில் உருவாகிறது. அடுத்த நாளே அசிட்டிக் அமிலம் மிகுந்து காடியாகத் திரியத் தொடங்குகிறது. ஆகவே வழக்கமான முறையில் இறக்கிய கள்ளைத் தேக்கி வைக்கவோ தொலைவுக்கு அனுப்பவோ இயலாது.

சுவையும் பருகும் முறையும்

மரத்திற்கு மரமும், மண்ணுக்கு மண்ணும், பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் அக்கானியின் இனிப்பு வேறுபடும். விடியற்காலையில் இறக்கியதே சிறந்ததாகக் கருதப்படுகிறது. பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிப் பருகுவது வழக்கம். ஓலையின் மணமும் பானத்தில் சேரும். நுங்கையோ மாங்காய்த் துண்டுகளையோ சேர்த்தும் பருகுவர். அக்கானியில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியும் செய்வதுண்டு.

ஊர்ச் சுவைக்குச் சட்டப் பெயர் தரும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. அமெரிக்காவில் அதிகம் அறியப்படாத மிசௌரி மாநிலத்தின் அகசுட்டா பகுதியே 1980 இல் அந்நாட்டின் முதல் திராட்சை மது வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பனைப் பொருட்களில், தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி பனங்கருப்பட்டி 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது.

கருப்பட்டி

குடித்து மீந்த அக்கானி அன்றே காய்ச்சப்பட வேண்டும். சுண்டிக் குழம்பாகும் நிலையில் இது கூப்பனி எனப்படும். அதை மேலும் கிளறிச் சிரட்டைகளில் வார்த்தால் கருப்பட்டி கிடைக்கும். ஆண்கள் மரம் ஏற, விறகு சேர்த்துப் பல மணி நேரம் புகையில் நின்று காய்ச்சும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர்.

வரலாறு

கி.பி. 849 ஐச் சேர்ந்த, வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, ஏணிக்காணம் என்ற வரியைக் குறிப்பிடுகிறது. இது மரமேறுவோரின் ஏணி மீதான வரியாகும். பின்னர் தென் திருவிதாங்கூரில் பனையேறிகளான நாடார் சமூகத்தினர் பலவகை வரிகளையும் கூலியில்லா ஊழியத்தையும் சுமந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் தோன்றிய அய்யாவழி இயக்கமும் அதன் நூலான அகிலத்திரட்டு அம்மானையும் இக்கொடுமைகளைக் கண்டித்தன. மார்த்தாண்டத்தில் 1970களில் தொடங்கப்பட்ட பனைத் தொழிலாளர் மேம்பாட்டு அமைப்பு, தொழிலாளரை இடைத்தரகர் கடனிலிருந்து மீட்க முயன்றது.

கள் தடை

தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன. 1974 க்குள் அவை மூடப்பட்டன. 1981 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட கள் விற்பனை 1987 இல் தடை செய்யப்பட்டது. புளிக்காத அக்கானிக்கு இத்தடை இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே மரத்தில் ஒரே முறையில் இறக்கப்படுவதால், பனையேறிகள் சோதனைக்கும் வழக்குக்கும் அஞ்சும் நிலை ஏற்பட்டது. களியக்காவிளை எல்லையைக் கடந்தால் கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கள் விற்கப்படுகிறது. இலங்கையிலும் பனங்கள் சட்டப்படி விற்கப்படுகிறது. அங்கு 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது.

கலப்படமும் குடிப்பழக்கமும் பெருகும் என்பது தடையை ஆதரிப்போர் வாதம். 2003 முதல் அரசு நிறுவனமான டாசுமாக் வழியே பிற மது வகைகள் சில்லறையாக விற்கப்படும்போது, உழவரின் கள்ளுக்கு மட்டும் தடை விதிப்பது முறையன்று என்பது எதிர்ப்போர் வாதம்.

இன்றைய நிலை

மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் ரப்பர் பயிர் பரவியதாலும், மரங்கள் வெட்டப்பட்டதாலும் பனை குறைந்தது. மரம் இருக்கும் இடங்களிலும் ஏறுவோர் இல்லை. 20 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம், விழுந்தால் உயிரிழப்பு அல்லது முதுகெலும்பு முறிவு, ஆண்டில் சில மாதங்களே வருமானம், தொழில் மீதான சாதி இழிவு ஆகியன இளைஞர் விலகியதற்குக் காரணங்கள். கல்வியால் முன்னேறிய குடும்பங்கள் தம் பிள்ளைகளை மரத்தில் ஏற்ற விரும்பவில்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆகும். 2021 ஆகசுட்டில் சமர்ப்பிக்கப்பட்ட தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை எனவும் கூறப்பட்டது. விதைத்த பனை பாளை விடப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் பாளை சீவும் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டால்தான் அம்மரங்களிலிருந்து அக்கானி கிடைக்கும்.

இவற்றையும் பார்க்க

* பனை
* கருப்பட்டி
* நுங்கு
* நாஞ்சில் நாடு