புதிய பதிப்பும் பழைய பயனரும்



2011ஆம் ஆண்டு, சுங்கை லாலாங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னிடம், "டீச்சர், அக்காவின் பயிற்சி நூல் தம்பிக்கு உதவாதா?" என்று கேட்டார். கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கிய நேரம் அது. கணினி உலகமும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. அவ்வரலாற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் திறக்கும் இணையப் பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருளே இணைய வழங்கி. அவற்றுள் புகழ்பெற்றது அப்பாச்சி. அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் ஒரு வழங்கியை உருவாக்கியிருந்தார். 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அதன் வளர்ச்சி தடைப்பட்டது. பயனர்கள் தத்தம் திருத்தங்களைத் தாமே செய்துகொண்டனர். 1995இல் பிரயன் பெலன்டோர்ஃப் உள்ளிட்ட எண்மர் கொண்ட குழு மின்னஞ்சல்வழி இணைந்து அத்திருத்தங்களைத் தொகுத்தது. அப்பாச்சி பிறந்தது.

அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்திருந்தது. குழுவினர் ஒரு மாற்றத்தை ஏற்றால் +1 என்றும், மறுத்தால் -1 என்றும் வாக்களித்தனர். நிரல் மாற்றத்தை மறுப்பவர் தக்க காரணம் கூறவேண்டும் என்பது விதி.

அதே ஆண்டு ராபர்ட் தாவ் புதிய உள்ளமைப்பு ஒன்றை வடிவமைத்தார். வேண்டிய வசதிகளைத் தனித்தனிப் பாகங்களாக அதில் இணைக்கலாம். குழு அதனை ஏற்றது. 1995 டிசம்பர் முதல் நாள் 1.0 பதிப்பு வெளிவந்தது. மறு ஆண்டே உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கியாக அப்பாச்சி உயர்ந்தது.

சிக்கல் அடுத்த பெரும் பதிப்பில் எழுந்தது. 1998இல் வந்த 1.3 பதிப்பு, யுனிக்ஸ் கணினிகளில் ஒரே நேரத்தில் வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனியொரு செயலாக்கத்தை ஒதுக்கியது. வருகை பெருகப் பெருக நினைவகமும் மிகுதியாகத் தேவைப்பட்டது. ஒரே செயலாக்கத்தினுள் பல இழைகள் இயங்கினால் இச்சுமை குறையும். அதற்கும், விண்டோஸ் போன்ற பிற இயங்குதளங்களில் செம்மையாக ஓடுவதற்கும் ஏற்ப 2.0 திட்டமிடப்பட்டது. 2000 மார்ச்சில் முதற்சோதனைப் பதிப்பும், 2002 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்குரிய பதிப்பும் வெளிவந்தன.

ஆயினும் பலர் உடனே மாறவில்லை. 1.3க்கு எழுதப்பட்ட பாகங்கள் 2.0இல் பொருந்தவில்லை, அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பி.எச்.பி. மொழியோடு பயன்பட்ட நூலகங்கள் சில, இழைமுறைக்கு ஏற்றவையாக இல்லை. அக்காவின் பயிற்சி நூல் தம்பிக்கு உதவாத கதைதான்!

அப்பாச்சி குழுவினர் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தனர். இழையில்லாப் பழைய முறையையும் 2.0இல் ஒரு தெரிவாகச் சேர்த்தனர். 1.3 பதிப்பையும் உடனே கைவிடாமல் 2010 வரை பழுதுபார்த்து வந்தனர். எட்டு ஆண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

நம் பள்ளிகளிலும் அவ்வாறே நடந்தது. 1983இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். ஒரே நாளில் மறையவில்லை. 2011இல் முதலாம் ஆண்டு புதிய திட்டத்துக்கு மாற, மேல் வகுப்புகள் பழையதிலேயே தொடர்ந்தன. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக 2016இல் ஆறாம் ஆண்டு வரை மாற்றம் எட்டியது. ஒரே நாளில் இருவகைப் பாடக்குறிப்பு எழுதிச் சலித்தவள் நான். அச்சலிப்புதான் நடுவழியில் நின்ற பிள்ளைகளைக் காத்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

2027க்கெனத் திட்டமிடப்பட்ட புதிய பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் இதனை நினைவிற்கொள்வோம். புதியது எவ்வளவு சிறந்தது என்பது பாதிக் கேள்வியே. பழையதில் நிற்கும் பிள்ளையை யார் கைப்பிடித்து அழைத்து வருவார் என்பது மறுபாதி. அதற்கு விடை கூறவேண்டியவர்கள் ஆசிரியராகிய நாமும் பெற்றோராகிய நீங்களுமே.