பிரின்ஸ் எட்வர்ட்: ஐந்து வருடம் பள்ளிக்கூடம் இல்லாமற்போன இடம்

அமெரிக்காவில் வெள்ளையருக்கு ஒரு பாடசாலை, கறுப்பினத்தவருக்கு வேறொரு பாடசாலை என்ற முறை 1954இல் பிரவுண் வழக்குத் தீர்ப்போடு முடிந்தது எண்டுதான் நாங்கள் பொதுவாக வாசித்திருக்கிறோம். அந்தத் தீர்ப்புக்குள் ஐந்து வழக்குகள் இருந்தன. அதில் ஒன்று வேர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் இருந்து போனது. வழக்கில் வென்ற அந்தக் கவுண்டியில் பிறகு என்ன நடந்தது என்பதைக் கனபேர் பேசுவதில்லை. 1959இல் அங்கிருந்த அரச பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. 1964 வரைக்கும் அவை திறக்கப்படவில்லை.

ஒரு பள்ளிக்கூடம் ஒரு குடும்பத்துக்கு என்ன தருகிறது என்பதை, அது இல்லாமற்போன இடத்தில் பார்த்தால்தான் சரியாக விளங்கும். அதனால்தான் இந்த வரலாற்றை எழுத நினைத்தோம்.

காசு யாரிடம் இருக்கிறது?

முதலில் ஒரு விஷயம் விளங்க வேணும். எங்கட நாட்டில் பாடசாலை என்றால் கல்வி அமைச்சு, மாகாண சபை, வலயக் கல்விப் பணிமனை. ஆசிரியரின் சம்பளம் திறைசேரியில் இருந்து வருகிறது. எங்கட பிரதேச சபை வரி அறவிடாவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்படும் எண்டு நாங்கள் யோசித்ததே இல்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது தனி அலகு. பல இடங்களில் ஒரு சிறிய ஊரோ கவுண்டியோ ஒரு பள்ளி மாவட்டமாக இருக்கும். மாநில அரசும் காசு கொடுக்கும். ஆனால் பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியில் இருந்து வர வேணும். பிரின்ஸ் எட்வர்டில் பாடசாலைகளை நடத்தியது பள்ளிச் சபை. அதற்கு எவ்வளவு காசு என்று தீர்மானித்தது கவுண்டியின் மேற்பார்வையாளர் சபை. பிறகு நடந்தது எல்லாம் இந்த ஒழுங்கில் இருந்துதான் வந்தது.

தார்க் கடதாசிக் கொட்டில்கள்

கவுண்டியின் முக்கிய ஊர் ஃபாம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1939இல் கட்டப்பட்டது ரொபேர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பாடசாலை. 180 மாணவர்களுக்கான கட்டடம். 1950 அளவில் அங்கே படித்தவர்கள் 450க்கும் மேல். புதுக் கட்டடம் கேட்டபோது சபை போட்டுக் கொடுத்தது மரச்சட்டத்தில் தார்க் கடதாசி ஒட்டிய கொட்டில்கள். மழைக்கு ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு வேர்க்கும், தள்ளி இருக்கிறவர் கோட்டோடு இருப்பார். மாணவர்கள் அதைக் கோழிக்கூடு என்றார்கள். உடற்பயிற்சி மண்டபம் இல்லை, சாப்பாட்டு மண்டபம் இல்லை. அதே ஊரின் வெள்ளையர் பாடசாலையில் இவை எல்லாம் இருந்தன.

பெற்றோரும் அதிபரும் சபைக் கூட்டத்துக்குப் போய்ப் போய்க் கேட்டார்கள். பாப்பம், செய்வம் என்ற பதில்தான் வந்தது.

1951 ஏப்ரல் 23. மாணவர் சிலர் ஊர்ப் பஸ் நிலையத்தில் பிரச்சினைப்படுகிறார்கள் என்று அதிபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் அங்கே ஓடிப் போனார். அது அவரை வெளியே அனுப்புவதற்கான திட்டம். அதே நேரம் எல்லா வகுப்பும் மண்டபத்துக்கு அழைக்கப்பட்டது. திரை விலகியபோது மேடையில் நின்றது அதிபர் அல்ல, பார்பரா ஜோன்ஸ் என்ற 16 வயது மாணவி. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, புதுப் பாடசாலை கட்டும் வரைக்கும் வகுப்புக்குப் போவதில்லை என்று சொன்னார். 450 பேரளவில் வெளியேறினார்கள். பகிஷ்கரிப்பு இரண்டு கிழமை நீடித்தது.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் கேட்டது வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க அல்ல. நல்ல கட்டடம் மட்டும்தான் கேட்டார்கள். உதவிக்கு வந்த உரிமை இயக்கச் சட்டத்தரணிகளான ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வுட் ரொபின்சன் இருவரும்தான், பிரிவினை முறையையே எதிர்த்தால் வழக்குப் போடுவோம் என்றார்கள். மாணவரும் பெற்றோரும் தேவாலயத்தில் கூடி யோசித்துச் சம்மதித்தார்கள். மே 23 அன்று வழக்குப் பதிவானது. மனுதாரர் பட்டியலில் 117 மாணவர்கள். பிரவுண் தீர்ப்புக்குள் சேர்ந்த ஐந்து வழக்குகளில் மாணவர் போராட்டத்தில் இருந்து பிறந்தது இது ஒன்றுதான்.

விலையும் கொடுக்க வேண்டி வந்தது. பாடசாலை வளவில் சிலுவை எரிக்கப்பட்டது. அதிபரின் வேலை போனது. பார்பராவைப் பாதுகாப்புக்காக அலபாமாவில் இருந்த மாமாவிடம் அனுப்பினார்கள். 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புது மோட்டன் பாடசாலை திறக்கப்பட்டது. அத்தோடு வழக்கு அடங்கிவிடும் எண்டு சபை நினைத்திருக்கலாம். அடங்கவில்லை.

வரியை நிறுத்தியபோது

1954இல் தீர்ப்பு வந்தது. வேர்ஜீனியாவின் வெள்ளை அரசியல் தலைமை, செனட்டர் ஹரி பேர்டின் வழிகாட்டலில், 'பாரிய எதிர்ப்பு' என்ற கொள்கையை எடுத்தது. சேர்ந்து படிக்க வைக்கும் பாடசாலையை மூடும் சட்டங்களும் வந்தன. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அவற்றைச் செல்லாதவை ஆக்கின. மற்ற இடங்களில் மூடிய பாடசாலைகள் மெல்லத் திறந்தன.

பிரின்ஸ் எட்வர்ட் வேறு வழி தேடியது. அந்த வருடம் செப்டெம்பரில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க வேணும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மேற்பார்வையாளர் சபை உத்தரவை மீறவில்லை. பாடசாலைகளுக்கு ஒரு சதமும் ஒதுக்காமல் விட்டது. பாடசாலைக்கான வரியே அறவிடவில்லை. பாடசாலையே இல்லாத இடத்தில் யாரை எங்கே சேர்ப்பது? 21 பாடசாலைகள் பூட்டப்பட்டன.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனடியாகத் தனியார் அக்கடமி ஒன்று தொடங்கியது. முதலில் தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் வகுப்பு நடந்தது, பிறகு சொந்தக் கட்டடம் வந்தது. வெள்ளை ஆசிரியர்களில் பெரும்பாலானோர் அங்கே போனார்கள். அடுத்த வருடமே மாநிலமும் கவுண்டியும் கல்விக் கட்டண உதவி, வரிச் சலுகை என்ற பெயர்களில் பொதுக் காசை அதற்குப் போகச் செய்தன. கறுப்பினக் குடும்பங்களும் வரி கட்டிய காசு அது. தங்களுக்கும் தனியார் பாடசாலை அமைத்துத் தருவதாகச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். அதை ஏற்றால் வழக்கில் வென்ற உரிமையைத் தாங்களே கைவிட்டதாகிவிடும். அந்த முடிவின் பாரத்தைச் சுமந்தது பிள்ளைகள்.

குடும்பங்களுக்கு நடந்தது

சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் பாடசாலை இழந்தார்கள். அக்கடமிக்குக் கட்டணம் கட்ட ஏலாத சில வெள்ளைப் பிள்ளைகளும் பாடசாலை இழந்தார்கள். வசதி உள்ளவர்களும் பக்கத்துக் கவுண்டியில் சொந்தக்காரர் உள்ளவர்களும் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். சிலர் வட கரோலைனாவின் கிட்ரெல் கல்லூரிக்குப் போனார்கள். குவேக்கர் அமைப்பினர் வேறு மாநிலங்களில் வீடு பார்த்துச் சில பிள்ளைகளைத் தங்க வைத்தார்கள். அண்ணன் ஒரு மாநிலத்தில், தங்கச்சி வீட்டில் எண்டு குடும்பங்கள் பிரிந்தன. வழிபோதகர் பிரான்சிஸ் கிரிஃபினும் ஊர்ப் பெண்களும் தேவாலய நிலவறைகளில் சிறு நிலையங்கள் நடத்தினார்கள். பிள்ளைகள் எழுத்தை மறந்து போகாமல் பார்ப்பதுதான் அவர்களால் செய்ய முடிந்தது. கனபேர் வயலுக்கும் வேலைக்கும் போனார்கள். ஆசிரியர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள்.

1963 மார்ச்சில் அமெரிக்கச் சட்டமா அதிபர் ரொபேர்ட் கென்னடி, இலவசப் பொதுக்கல்வி இல்லாத உலகின் ஒரு சில இடங்களை எண்ணும்போது பிரின்ஸ் எட்வர்டையும் சேர்த்துச் சொன்னார். அந்த நேரம் இலங்கையில் இலவசக் கல்வி தொடங்கி 18 வருடம். அந்த வருடக் கோடையில் ஃபாம்வில் பிரதான வீதியில் இளையோர் ஊர்வலம் போனார்கள், கைதானார்கள். செப்டெம்பரில் நன்கொடைக் காசில் 'இலவசப் பாடசாலைகள்' ஒரு வருடத்துக்கு நடந்தன. 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பத்து வயதில் முதன்முதலாக வகுப்பறையைக் கண்டவர்களும் இருந்தார்கள்.

1964 மே 25 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பொதுப் பாடசாலையை மூடிவிட்டு வெள்ளையருக்கான தனியார் பாடசாலைக்குப் பொதுக் காசு கொடுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது. தேவையானால் வரி அறவிடச் சொல்லியே சபைக்கு உத்தரவிடலாம் என்றது. செப்டெம்பரில் பாடசாலைகள் திறந்தன. வந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகளே.

திறந்த பிறகு

ஆறு வயதில் சேர வேண்டிய பிள்ளை பதினொரு வயதில் முதலாம் தரத்துக்குப் போக வேணும். பதின்மூன்றில் நின்ற பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. தீர்ப்பு கட்டடத்தைத் திறந்தது, அந்த வருடங்களைத் திருப்பித் தரவில்லை. திரும்பி வராமலே விட்டவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்க வாசிக்கச் சிரமப்பட்டவர்களும் உண்டு. 2003இல் வேர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அதே வருடம் அந்தத் தலைமுறையினருக்குக் கௌரவச் சான்றிதழ் வழங்கினார்கள். அடுத்த வருடம் அவர்கள் படிப்பதற்கு ஒரு புலமைப்பரிசில் நிதி வந்தது. அப்போது அவர்களில் பெரும்பாலானோருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

பழைய மோட்டன் பாடசாலை இன்று அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வேர்ஜீனியா சார்பாக நின்ற ஜெனரல் ரொபேர்ட் லீயின் சிலை 2020இல் அகற்றப்பட்டது. அதற்குப் பதிலாகத் தெரிவானவர் பார்பரா ஜோன்ஸ். அந்தப் பள்ளி மாவட்டம் இப்பவும் ஃபாம்வில்லில் சாதாரணமாக இயங்குகிறது. பஸ் ஓடுகிறது, மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள், தவணை தொடங்கி முடிகிறது.

எங்களுக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதுதான். அந்தப் பிள்ளைகளின் கல்வியை யாரும் சட்டம் போட்டுத் தடை செய்யவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகையை எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான். எங்கட பக்கத்திலும் ஆசிரியர் இல்லாத பாடசாலை, மாணவர் தொகை குறைந்ததால் மூடப்போகும் பாடசாலை பற்றிய செய்திகளை வாசிக்கிறோம். காரணங்கள் வேறு, வரலாறும் வேறு. ஆனாலும் அப்படி ஒரு செய்தி வரும்போது, அந்தப் பிள்ளைகள் அடுத்த நாள் காலை எங்கே போவார்கள், காசை எங்கே ஒதுக்குவது என்ற முடிவை யார் எடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்வியையும் நாங்கள் கேட்க வேணும். மோட்டன் பாடசாலையில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஒரு 16 வயது மாணவி.