சிவப்புப் பூசிய படம்

வீடு என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டுமன்று. உழைத்தவன் தன் மக்களுக்கு விட்டுச் செல்லும் உரிமைச் சீட்டு அது. அச்சீட்டு இன்னாருக்குக் கிடைக்கும், இன்னாருக்குக் கிடைக்காது என்று தீர்மானித்தது எது? விதியா? வினைப்பயனா? அமெரிக்க நாட்டு வீட்டு அடமான வரலாற்றைப் புரட்டுகிறோம், விடை கிடைக்கிறது. அலுவலக மேசைமீது விரித்த படமும், அதில் பூசிய சிவப்பு வண்ணமும்!

1929க்கு முன் அங்கே வீடு வாங்குவோர் விலையில் ஏறத்தாழப் பாதியைக் கையிலிருந்தே தரவேண்டும். மீதிக்குப் பெறும் கடனை ஐந்து, பத்து ஆண்டுகளில் தீர்த்தாக வேண்டும். பலர் வட்டியை மட்டுமே கட்டிவந்தனர். கெடு முடியும் நாளில் முதல் அப்படியே நிற்கும். வங்கி கடனைப் புதுப்பித்தால் வீடு, மறுத்தால் வீதி! பொருளாதாரம் சரிந்தது, புதுப்பிக்க வங்கியிடம் பணமில்லை, கட்ட மக்களிடம் வேலையில்லை. 1933-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வீடுகள் கடனில் மூழ்கின.

அவ்வாண்டு ரூஸ்வெல்ட் ஆட்சி, வீட்டு உடைமையாளர் கடன் நிறுவனத்தை அமைத்தது. பழைய கடனை அது தானே ஏற்று, 5 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக் கடனாக மாற்றி எழுதிற்று. மாதத் தவணையில் வட்டியோடு முதலும் சிறிது கரையும். கடைசித் தவணையோடு கடனும் தீரும். மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் குடும்பங்கள் இவ்வழியில் கைதூக்கி விடப்பட்டன. பாராட்டுகிறோம். ஆனால், அடுத்த ஏட்டையும் படித்தாக வேண்டுமே!

அந்நிறுவனமே 1935 முதல் 200க்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், தேய்வதற்கு மஞ்சள், ஆபத்தானதற்குச் சிவப்பு. கறுப்பர் வாழ்ந்த பகுதிகளோ பெரும்பாலும் சிவப்பு! அந்நிறுவனம் கறுப்பருக்கும் கடன் தந்ததுண்டு; அதை மறைக்கமாட்டோம். கதவைத் தாளிட்டது 1934-ல் தோன்றிய கூட்டரசு வீட்டு வசதி நிர்வாகம். வங்கிக் கடனுக்குப் பிணைநின்ற அது, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குப் பிணைநிற்க மறுத்தது. கறுப்பருக்கு விற்கலாகாது எனும் நிபந்தனைப் பத்திரங்களைத் தன் கையேட்டில் பரிந்துரைக்கவும் செய்தது. 1941-ல் டெட்ராய்ட் நகரில் கறுப்பர் குடியிருப்பை அடுத்து வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்தவர், அப்பிணை பெறவே இடையில் அரை மைல் நீள மதில் எழுப்பினார். மதில் எழுந்தது, பிணையும் கிடைத்தது!

வங்கி கைவிட்டவன் என்ன செய்வான்? தவணை ஒப்பந்தக்காரனிடம் சிக்குவான். மிகை விலை, கடைசிக் காசு கட்டும் வரை பத்திரம் விற்றவன் பெயரில், ஒரு தவணை தவறினால் கட்டிய பணமும் போகும், வீடும் போகும். சிகாகோவின் லாண்டேல் பகுதியில் 1968-ல் இத்தகையோர் சங்கம் அமைத்து, தவணை கட்ட மறுத்துப் போராடினர். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன.

1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11-ல், வீட்டு வசதியில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. கதவு திறந்தது, ஆனால் கழிந்துபோன 34 ஆண்டுகளைத் திருப்பித் தரும் விதி எதுவும் அதில் இல்லை. வீடு பெற்றவன் மகன், அவ்வீட்டை ஈடு காட்டிக் கல்லூரிக்குப் போனான். பெறாதவன் மகன், தந்தையிடமிருந்து வாடகைச் சீட்டைப் பெற்றான். 2020க்குப் பின்னரும் வெள்ளையர் குடும்பங்களில் நூற்றுக்கு 70க்கு மேல் சொந்த வீட்டில் வாழ, கறுப்பர் குடும்பங்களில் 45 அளவே அவ்வாறு வாழ்கின்றன.

"சேமிக்கத் தெரியாதவர்கள்" என்று எவரேனும் ஏழையைச் சுட்டி ஏளனம் செய்தால், அவர்முன் இந்தப் படத்தை விரிப்போம். கடனுக்கு வட்டி கேட்பவர் உண்டு. மறுக்கப்பட்ட கடனுக்கும் வட்டி ஏறுகிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுபவன், கடன் மறுக்கப்பட்டவனே!