நட்சத்திர மீன் குத்திய காலும் 1969ஆம் வருடமும்

போன வாரம் ராஜபாளையம் கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். சொந்த ஊர் சத்திரப்பட்டி. மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்தவர் நொண்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"நட்சத்திர மீன் குத்திருச்சு சார்."

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உட்கார்ந்து பாம்புக்கடி, தேள்கடி பார்க்கிற எனக்கு இது புதுசு. பாதத்தில் நாலைந்து குத்துத் தடங்கள், சுற்றிலும் வீக்கம். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே முறிந்து நின்ற முள் துண்டை எடுத்து, டிடி ஊசி போட்டு அனுப்பினேன். (குத்திய உடனே பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி பாதி குறைந்திருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அன்று ராத்திரி இந்த உயிரினத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தவன் அதிகாலை வரைக்கும் நிறுத்தவில்லை. வாசித்ததை உங்களோடு பகிர்கிறேன். பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்க.

பெயர் முள்கிரீட நட்சத்திர மீன். நாம் படத்தில் பார்க்கிற ஐந்து கால் நட்சத்திரம் இல்லை இது. இருபது கால் வரைக்கும் இருக்கும், உடம்பு பூராவும் விஷ முள். சாப்பாடு உயிருள்ள பவளம். சாப்பிடும் விதம்தான் விசேஷம். வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் போர்வை மாதிரி விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். நாம் உள்ளே செய்கிற வேலையை அது வெளியே செய்கிறது, அவ்வளவுதான். ஒரே மீன் ஒரு வருடத்தில் பத்து சதுர மீட்டர் வரை பவளத்தைக் காலி பண்ணும். ஒரு சின்ன அறையின் தரை அளவு.

இதன் அறிவியல் பெயர் அகாந்தாஸ்டர் பிளான்சி. 'பிளான்சி' யார் என்று தேடினால், நம்ம தொழில்காரர்! இத்தாலியின் ரிமினி ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஜியோவானி பியாங்கி. லத்தீனில் யானுஸ் பிளாங்கஸ். 1743இல் அவரும் குவால்டியேரியும் விவரித்த அந்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம கோவாவில் இருந்து. 1758இல் லின்னேயஸ் அந்த மருத்துவரின் பெயரையே இதற்கு வைத்தார்.

அதற்கும் முன்னால், 1705இல் வெளியான புத்தகத்தில், இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் 1670லேயே கண் பார்வையை இழந்தவர். பார்வை போன பிறகும் கடல் உயிர்களையும் செடிகளையும் பற்றித் தொடர்ந்து எழுதிய மனிதர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம்.

இன்னொரு விஷயம். 2008இல் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் நான்கு என்று தெரிந்தது. செங்கடல், தெற்கு இந்தியப் பெருங்கடல், வடக்கு இந்தியப் பெருங்கடல், பசிபிக். இதில் 'பிளான்சி' என்ற பெயருக்கு உரிமையுள்ளது வடக்கு இந்தியப் பெருங்கடலில் இருப்பதுதான். மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கைப் பக்கம் இருப்பது. ஆக, தம்பி காலைக் குத்தியது அசல் பிளான்சி.

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

இருநூறு வருடமாக இது அருங்காட்சியகப் பொருள். யாரும் பயப்படவில்லை. 1962இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், கிரீன் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. 1967 வாக்கில் குவாம் தீவு. கரையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் பவளம் செத்துப்போனது. 1969 ஜூலையில் ரிச்சர்ட் செஷர் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுத, உலகம் பூராவும் பீதி. பசிபிக் தீவுகளே கரைந்து போய்விடும் என்கிற அளவுக்குப் பேச்சு. நம்ம பக்கத்திலும் சும்மா இல்லை. 1970களில் திருகோணமலைப் பகுதியில் பவளத்தை நாசம் செய்தது. லட்சத்தீவின் மினிக்காயிலும் அதே காலத்தில் தலைகாட்டியது.

அந்த 1969ஐ கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

செஷர் கட்டுரைக்கு ஆறு மாதம் முன்னால், 1969 ஜனவரியில், உலகத்தின் முதல் சர்வதேசப் பவளப்பாறை மாநாடு நடந்தது. எங்கே? ஹவாய் இல்லை, சிட்னி இல்லை. நம்ம ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கேம்ப்பில்! இன்றைக்கும் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பெரிய மாநாட்டு வரிசையில் முதல் எண் மண்டபத்துக்குத்தான்.

'கேம்ப்' என்ற பெயர் எப்படி வந்தது என்பது டாக்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்களை, பிளேக், காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்த குவாரன்டைன் முகாம் அது. பிற்பாடு அங்கேதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. காலராவுக்குப் பயந்து கட்டிய இடத்தில் பவளத்துக்காகக் கூடியிருக்கிறார்கள். காலராவை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

அந்த மாநாட்டுத் தொகுப்பு 1972இல் அச்சானது. அதில் மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வருடத்துக்கு சுமார் 60,000 கன மீட்டர், ஏறக்குறைய 25,000 டன் பவளக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது.

லாரிக்குப் பத்து டன் என்று வைத்தாலும் வருடத்துக்கு 2,500 லோடு. ஒரு நாளைக்கு ஏழு.

யார் எடுத்தது? நட்சத்திர மீன் இல்லை. கடப்பாரையோடு வள்ளத்தில் போன மனிதர்கள். கல்லாகப் பெயர்த்து, கரையில் குவித்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கும், கட்டடத்துக்கும், கால்சியம் கார்பைடு ஆலைக்கும் போனது. கல் எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மீன்பாடு இல்லாத மாதத்தில் அன்றைய கூலி அது. வாங்கியவர்கள் இருந்தார்கள், தடுக்கிற சட்டம் இல்லை.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். அதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் இன்றைக்குக் கடலுக்கு அடியில். பவளம் அலையை உடைக்கும் சுவர். சுவரைப் பெயர்த்தால் மணல் நிற்குமா? 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள், 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். ஆனாலும் வெட்டுவது நிற்கவில்லை. 2001இல் பாறை கட்டும் பவளங்களை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்த்த பிறகுதான் பிடி இறுகியது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில், ஏறக்குறைய நின்றது.

உலகம் முழுக்க ஒரு நட்சத்திர மீனை வில்லனாக்கித் துரத்திய அதே வருடங்களில், மண்டபத்து விஞ்ஞானிகள் வேறொரு கொலையாளியை எண்ணிக்கையோடு எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தொகுப்பை அப்போது ஆட்சியில் இருந்தவர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, அந்த மீன் ஏன் திடீர்னு பெருகுது? இதில் இரண்டு கட்சி.

முதல் கட்சி ராபர்ட் எண்டீன். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம். இதைத் தின்னும் ஒரே பெரிய எதிரி டிரைட்டன் என்ற ராட்சதச் சங்கு. அழகுக்காக அதை மக்கள் அள்ளிவிட்டார்கள், அதனால் இது பெருகியது என்றார். (ஆண்டாள் பத்துப் பாட்டில் பேசிய வெண்சங்கு வேற, இது வேற. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிட வேண்டாம்.) ஆனால் டிரைட்டன் வாரத்துக்கு ஒன்று தின்றாலே அதிகம். ஒரு பெண் நட்சத்திர மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். கணக்கு முழுசாக உதைக்கிறது.

இரண்டாவது, 1982இல் சார்லஸ் பிர்க்லேண்ட் சொன்னது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏன்னா இது நோய்ப்பரவல் துறை மூளை. பழைய மழைக் கணக்கையும் பெருக்கம் வந்த வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மலையுள்ள தீவுகளில், வறட்சிக்குப் பின் கொட்டித் தீர்த்த மழைக்கு மூன்று வருடம் கழித்து பெருக்கம் வந்திருந்தது. மழை மண்ணின் சத்தைக் கடலுக்கு அடித்துப்போகிறது. நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்னும் குஞ்சுகள் பிழைக்கின்றன. வளர்ந்து கண்ணில் பட மூன்று வருடம். வாதம் இன்றும் முடியவில்லை, இரண்டும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம்.

சிகிச்சை வரலாறு இன்னும் சுவாரசியம். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளில் 1970இல் இருந்து 1983 வரை சுமார் 1 கோடியே 30 லட்சம் மீன்களைப் பிடித்துக் கொன்றார்கள். பெருக்கம் அடங்கவில்லை. அரைகுறையாகக் கொன்றதால் மிச்சம் இருந்ததற்குத் தீனி தாராளமாகக் கிடைத்து, தொல்லை நீண்டது என்ற விமர்சனம் உண்டு. ஆன்டிபயாடிக்கை மூன்று நாளில் நிறுத்துகிற நம்ம பேஷன்ட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்திரேலியாவில் காப்பர் சல்பேட், ஃபார்மலின் ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சோடியம் பைசல்பேட். ஒரே மீனுக்குப் பத்து இருபது குத்து.

இங்கேதான் காலரா வருகிறது. எம்பிபிஎஸ் இரண்டாம் வருடத்தில் டிசிபிஎஸ் அகார் படித்திருப்போம். பச்சை நிறத் தட்டில் காலராக் கிருமி மஞ்சளாக முளைக்கும். டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஹைரோ ரிவேரா-போசாடா குழு அந்த ஊடகத்தை இந்த மீனுக்குள் செலுத்திப் பார்த்தது. 2011இல் வெளியான ஆய்வு. மீன் உடம்பில் விப்ரியோ இனக் கிருமிகள் கொழுத்து மீன் செத்தது. அந்த ஊடகத்தில் உள்ள பித்த உப்பு மட்டும் போதும், அதுவும் ஒரே குத்து போதும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மாட்டின் பித்தநீரில் இருந்து வருவது. அடுத்து 2016இல் சாதாரண வினிகரே 48 மணி நேரத்தில் கொல்கிறது என்று அதே பல்கலைக்கழகம் காட்டியது. ஊறுகாய் வினிகர்!

ஆனால் 2020இல் சிட்னியில் மரியா பர்ன் குழு ஒரு குண்டைப் போட்டது. பவளம் கிடைக்காவிட்டால் இதன் குஞ்சுகள் பாசியைத் தின்றுகொண்டே ஆறு வருடத்துக்கும் மேல் குட்டியாகவே காத்திருக்கும். பவளம் வந்ததும் கிளம்பும். காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் பதுங்கிக் கிடக்கிற மாதிரி. எண்ணிக் கொன்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

ஒரு மரணப் பதிவேடும் இருக்கிறது. 1985 முதல் 2012 வரை பெருந்தடைத் திட்டில் பவளம் பாதியாகக் குறைந்தது. காரணப் பங்கீடு: புயல் 48 சதவீதம், நட்சத்திர மீன் 42, வெளுப்பு 10. அந்தப் பத்து இன்றைக்கு அப்படி இல்லை. 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளுப்பு வரிசையாக வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016.

வெளுப்பும் நட்சத்திர மீன் தின்றதும் பார்க்க ஒரே வெள்ளை. நோய் வேறு. மீன் தின்ற இடத்தில் இருப்பது வெறும் எலும்பு. வெளுத்த பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடல் சூடானதால் தன்னோடு வாழ்ந்து சோறு போட்ட நுண்பாசியைத் துப்பிவிட்டு, பட்டினியாகக் கிடக்கிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியை ப்ளீச் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறம்தான் போகும், நூல் அப்படியே இருக்கும். அந்தத் தம்பிக்கு இப்படிச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது.

"நமக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம், நாம மலைக்காரங்க" என்று கேட்டார்.

வைப்பாறு தம்பி. நம்ம மலையில் இறங்கும் தண்ணீர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து அர்ச்சுனா நதி எல்லாம் இருக்கன்குடியில் சேர்ந்து, வைப்பாறாக மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகிறது. மாரியம்மனைக் கும்பிடப் போகும்போது நாம் தாண்டுகிற அதே மணல். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் நம்ம வயல் யூரியாவும், ஊர்ச் சாக்கடையும் அதில்தான். நட்சத்திர மீனை அது வளர்க்குமோ இல்லையோ, பவளத்தை மூடுகிற பாசிக்கு அது நல்ல உரம்.

தம்பி நேற்று ரிவ்யூவுக்கு வந்தார். வீக்கம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். ரிசார்ட்டில் இந்த மீன்களைக் கொக்கியில் குத்தி வாளியில் போடுகிறார்களாம், அப்போதுதான் ஒன்று காலில் விழுந்திருக்கிறது.

"வினிகர் எத்தனை மில்லி சார் போடணும்?"

மொத்தம் இருபது, இரண்டு இடத்தில் பிரித்து என்று எழுதிக் கொடுத்தேன். என் மருந்துச் சீட்டில் நட்சத்திர மீனுக்கு எழுதியது இதுதான் முதல் தடவை.